வறண்ட லேனில் பந்து அடங்க மறுத்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு விளையாட்டுக் கூடத்தில் நான்கு பௌலிங் லேன்களை, அதாவது பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கும் ஆட்டத்துக்கான நீளப் பாதைகளை, பராமரிப்பது என் வேலை. வாரநாட்களில் கல்லூரி மாணவர்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் விழாக்கள் நடக்கும். சனிக்கிழமை இரவில் சொந்தப் பந்துடன் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். இந்தச் சனிக்கிழமைக்காரர்கள் என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, சென்னையில் நன்றாக ஓடிய பந்து இங்கே வந்தால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை."

காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். போட்டி நடக்கும் பெரிய கூடங்களில் லேனைத் துடைத்துப் புதிதாக எண்ணெய் போட்ட பிறகே ஆட்டத்தைத் தொடங்குவார்கள். சிறிய ஊர்க் கூடங்களில் எண்ணெய் இயந்திரம் வாரம் ஒருமுறை ஓடினாலே அதிகம். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும். மலையைவிட்டுத் தள்ளியிருக்கும் நமக்குக் காற்றும் புழுதியும்தான். கதவு திறக்கும்போதெல்லாம் பொடி மண் உள்ளே வந்து லேனில் படிகிறது. எண்ணெய் குறைந்து புழுதி ஏறிய லேனில், நல்ல விலை கொடுத்து வாங்கிய பந்துதான் முதலில் தடுமாறும். எண்ணெயிலும் பிடித்துத் திரும்ப வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்திருக்கிறார்கள். எண்ணெயே இல்லாத இடத்தில் அந்தப் பிடிப்பு அளவுக்கு மீறிப் போகிறது.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத வழியை முதலில் வைத்திருக்கிறேன். கால், வேகம், கை, மேற்பரப்பு, வேறு பந்து, கடைசியாகத் துளை மாற்றம். இந்த வரிசையில் மேலிருந்து கீழே வாருங்கள். எல்லாம் வலது கைக்காரர்களுக்கு எழுதியது. இடது கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படிக்க வேண்டும்.

## எதையும் தொடும் முன்: லேன் உண்மையிலேயே வறண்டதா?

ஃபவுல் கோட்டை, அதாவது லேன் தொடங்கும் எல்லைக் கோட்டை, தாண்டிப் போய் லேனைத் தொட்டுப் பார்க்காதீர்கள். ஷூவில் எண்ணெய் ஒட்டினால் அடுத்த முறை ஓடி வரும்போது கால் வழுக்கும். விழுந்து மணிக்கட்டு பிசகியவரை நான் கைத்தாங்கலாக அழைத்துப் போயிருக்கிறேன். லேனைப் பற்றிய செய்தி பந்திலேயே திரும்பி வருகிறது.

பந்து திரும்பி வந்ததும் துடைக்காமல் இரு கையாலும் எடுத்துக் குழல் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். துளைகளுக்குப் பக்கத்தில் பந்தைச் சுற்றி மெல்லிய எண்ணெய் வளையங்கள் தெரியும். நன்றாக எண்ணெய் போட்ட லேனில் அவை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக, வளையல் அடுக்கியதுபோல் பளபளக்கும். விரலால் தொட்டால் வழவழப்பு ஒட்டும். வறண்ட லேனில் வளையம் மங்கலாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. நம் ஊரில் ஆடி மாதத்தில் எண்ணெய்க்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஒரு புழுதிக் கோடு வருகிறது. அதைப் பார்த்துவிட்டால் ஐயமே வேண்டாம்.

வளையம் பளபளவென்று ஈரமாக இருந்தும் பந்து அளவுக்கு மீறித் திரும்புகிறது என்றால் குறை லேனில் இல்லை. உங்கள் வேகம் குறைந்திருக்கிறது, அல்லது கை பந்தைச் சுற்றி அதிகமாகத் திரும்புகிறது. அப்போது இந்தக் கட்டுரையில் உள்ள மேற்பரப்பு மாற்றம் எதையும் செய்ய வேண்டாம்.

இன்னொரு சோதனை: ஒரே இடத்தில் நின்று, லேனில் குறிபார்க்க வரைந்திருக்கும் அம்புக்குறிகளில் ஒரே ஒன்றின் மேல், மூன்று பந்து வீசுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் அதிகமாகத் திரும்பினால் லேன். ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்றால் வீசும் கை.

## அறிகுறி 1: பந்து சீக்கிரமே திரும்பி, ஒன்றாம் பின்னின் மூக்கில் இடிக்கிறது, அல்லது இடப்பக்கமே போய்விடுகிறது

வறண்ட லேனின் முதல் அறிகுறி இது. பின்களை முன்னிருந்து பின்னாக, ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாக எண்ணுவோம்: முன்னால் 1, அதன் பின்னால் 2, 3, கடைசி வரிசையில் 7 முதல் 10. நீங்கள் குறிவைத்தது ஒன்றாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடையிலான பாக்கெட். பந்து போவதோ ஒன்றாம் பின்னின் நடு நெற்றிக்கு. 4-6-7-10 போன்ற அகன்ற பிளவுகள் எஞ்சி நிற்கின்றன. இன்னும் மோசமானால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் போய் விழுகிறது.

முதலில் கால். லேனின் அகலத்தில் 39 பலகைகள். அம்புக்குறிகள் ஐந்து பலகைக்கு ஒன்று. பந்து பாக்கெட்டைவிட இடப்பக்கம் தள்ளிப் போனால், நிற்கும் இடத்தை 2 பலகை இடப்பக்கமும் பார்க்கும் இடத்தை 1 பலகை இடப்பக்கமும் நகர்த்துங்கள். புதியவர்கள் பந்து இடப்பக்கம் போகிறதே என்று தாங்கள் வலப்பக்கம் நகர்கிறார்கள். அங்கே எண்ணெய் இன்னும் குறைவு, பந்து இன்னும் வேகமாகத் திரும்பும். பந்து எந்தப் பக்கம் தவறுகிறதோ அந்தப் பக்கமே கால் போக வேண்டும்.

ஒரு நகர்த்தலில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை 2, 1. ஆறு பலகை நகர்ந்தும் பந்து மூக்கிலேயே இடித்தால் 3, 2 என்று பெரிதாக நகருங்கள். லேனின் நடுப்பகுதியில் எண்ணெய் கடைசியாகத்தான் தீரும். பந்து அந்த மிச்ச எண்ணெயில் கொஞ்ச தூரம் போக வேண்டும் என்பதே நோக்கம்.

அடுத்தது வேகம். இதில் தோளை முறுக்கி எறிவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முறுக்கினால் கை நேர்க்கோட்டைவிட்டு விலகும், பந்து இன்னும் அதிகமாகச் சுழலும். தொடங்கும்போது பந்தை நெஞ்சு உயரத்தில் பிடிப்பவர் கழுத்து உயரத்தில் பிடியுங்கள். கை ஊஞ்சல்போல் உயரத்திலிருந்து இறங்கினால் வேகம் தானே வரும். கால் நடையும் சற்று விரைவாகட்டும். திரையில் மணிக்கு 24 கி.மீ. காட்டுகிறவர் 26-க்கு வந்தால் போதும், பந்து திரும்பும் இடம் கண்ணுக்குத் தெரிந்து தள்ளிப் போகும்.

மூன்றாவது கை. விடும் நேரத்தில் உள்ளங்கை பந்துக்குப் பக்கவாட்டில் இருந்தால் பந்து பம்பரம்போல் சுழன்று, பிடிப்பு கிடைத்ததும் வெட்டித் திரும்பும். உள்ளங்கை பந்துக்குப் பின்னால் இருந்தால் பந்து நேராக உருளும், திருப்பமும் அடங்கும். நுங்கு வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும்: கவைக்கம்பு நேர் பின்னாலிருந்து தள்ளினால் வண்டி நேராகப் போகும், பக்கத்திலிருந்து தள்ளினால் வளையும். கட்டை விரலைக் கடிகாரத்தின் பத்து மணிக்குத் திருப்பும் பழக்கம் இருந்தால் பன்னிரண்டு மணியிலேயே விட்டுப் பாருங்கள். ஆனால் இந்த மருந்து இந்த அறிகுறிக்கு மட்டும். அடுத்த அறிகுறிக்கு இதைச் செய்தால் நோய் முற்றும்.

இந்த மூன்றும் தீர்க்கவில்லை என்றால் மேற்பரப்பு. அதற்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது.

## அறிகுறி 2: பாக்கெட்டில் சரியாக விழுகிறது, ஆனால் பின்கள் சாயவில்லை

இதைத்தான் நான் மிகவும் கவலையோடு எழுதுகிறேன். வறண்ட லேனில் அதிகமான பந்துகள் வீணாவது இந்த இடத்தில்தான்.

மேலப்பாளையத்திலிருந்து வரும் ஒரு மாணவர், பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் 15 பவுண்டு ரியாக்டிவ் ரெசின் பந்து (எண்ணெயிலும் பிடிக்கும் பிசின் தோல் போட்டது) ஒன்று வாங்கினார். நீல நிறம், கண்ணாடிபோல் மின்னும். ஒரு மாதம் கழித்து அதே பந்தைச் சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, பந்து பாக்கெட்டில் விழுந்தும் பத்தாம் பின் விழவே இல்லை. பிடிப்பு போதவில்லை என்று நினைத்து உப்புத்தாள் போட்டேன்" என்றார். துணியைப் பிரித்தேன். பந்து முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் கீறல் கீறலாக நகம் சிக்கியது. இரும்புக் கடையில் கதவுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் தேய்க்கும் 80 எண் தாள்.

அவருடைய பந்துக்குப் பிடிப்பு குறைவாக இருக்கவில்லை. அதிகமாக இருந்தது. லேனின் முன்பகுதியிலேயே பிடித்து, வலிமை எல்லாவற்றையும் அங்கேயே செலவழித்துவிட்டு, கடைசிப் பதினைந்து அடியில் வெறும் கையோடு உருண்டு போனது. பின்களைத் தொட்டபோது அதனிடம் தள்ளுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அதற்கு மேல் 80 எண் தாளால் இன்னும் பிடிப்பைக் கூட்டியிருக்கிறார்.

பந்து வலிமையை இழந்து இடிக்கிறதா, அல்லது திரும்பாமல் வழுக்கிக்கொண்டு வந்து இடிக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டிலும் பின் மேடையில் காண்பது ஒன்றுபோலவே இருக்கும்: பத்தாம் பின் அசையாமல் நிற்கும், ஐந்தாம் பின் நிற்கும், 5-7 அல்லது 8-10 எஞ்சும். நல்ல இடியில் பந்து தானாகத் தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை. வலிமை இல்லாத பந்து ஒன்றைத் தொட்டதும் வலப்பக்கம் ஒதுங்கிவிடும். அதனால்தான் ஐந்து நிற்கிறது.

சோதனை இப்படி. நண்பரை உங்களுக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, கைபேசியில் மெதுவோட்டக் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். பந்தில் உள்ள எழுத்தையோ, பயிற்சியின்போது மட்டும் ஒட்டிய ஒரு வெள்ளை நாடாத் துண்டையோ கவனியுங்கள்.

பந்து அம்புக்குறிகளைத் தாண்டியதும் திரும்பிவிட்டு, பிறகு கடைசிவரை ஒரே நேர்க்கோட்டில், நாடா ஆடாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு போகிறதா? வலிமை தீர்ந்த பந்து. வறட்சி.

கடைசிவரை திரும்பாமல், பந்து சுழல்வது ஒரு திசையும் போவது ஒரு திசையுமாக வழுக்குகிறதா? எண்ணெய் அதிகம், அல்லது வேகம் அதிகம். இந்தக் கட்டுரை அதற்கானது அல்ல.

வலிமை தீர்கிறது என்று உறுதியானால்: காலை 3, பார்வையை 2 பலகை இடப்பக்கம் நகர்த்துங்கள். வேகத்தைச் சற்றுக் கூட்டுங்கள். பந்தை ஃபவுல் கோட்டின் மேலேயே வைக்காமல், ஒன்றரை இரண்டு அடி தள்ளித் தரையிறங்கும்படி விடுங்கள். அந்த இரண்டு அடி வறட்சியை பந்து தொடாது. உயரத்திலிருந்து போடச் சொல்லவில்லை, முன்னால் விடச் சொல்கிறேன். லேனில் தொம்மென்று சத்தம் கேட்டால் தவறு. உள்ளங்கையைப் பின்னால் வைக்கும் முறை இங்கே வேண்டாம். அது பந்தை இன்னும் சீக்கிரம் உருள வைக்கும். இதற்குப் பிறகும் ஐந்தாம் பின் நின்றால், மேற்பரப்பை வழவழப்பாக்குவதுதான் அடுத்த படி. சொரசொரப்பாக்குவது அல்ல.

## மேற்பரப்பு வேலை: எப்போது, எந்த எண், எப்படி

அம்மியைக் கொத்தினால் மிளகாய் சிக்கி அரைபடும். கொத்து தேய்ந்தால் வழுக்கும். பந்தும் அப்படியே. தேய்ப்புத் தாளின் எண் சிறியதாக இருந்தால் கொத்து ஆழம், பிடிப்பு அதிகம். எண் பெரியதாக இருந்தால் கொத்து மெல்லியது, பிடிப்பு குறைவு. 500, 1000 எண்ணெய் நிறைந்த லேனுக்கு. 2000 நடுத்தரம். 3000, 4000 வறண்ட லேனுக்கு. அதற்கு மேல் பாலிஷ்.

இதற்கென்றே அப்ரலான் என்ற, பின்புறம் நுரைப்பஞ்சு வைத்த வட்டத் திண்டுகள் கிடைக்கின்றன. சாதாரண உப்புத்தாள் பந்தின் வளைவுக்கு ஒத்துப் போகாது, கோடு போட்டுவிடும். திண்டு ஒன்றைப் பல முறை பயன்படுத்தலாம். ஆனால் பழைய 1000, புதிய 2000 செய்யும் வேலையைத்தான் செய்யும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் பந்தைத் துடையுங்கள். மென்மையான துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரோடு கலந்து நனைத்துத் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் கூடாது. ரெசின் மேல்தோலை அவை இளக்கிவிடும். பந்தைத் துடைத்த பிறகு ஒரு நாள் ஆடிப் பாருங்கள். நம் பக்கம் பாதி நேரம் பிடிப்பைக் கெடுப்பது மேலே அப்பிய புழுதிதான்.

கையால் தேய்ப்பதானால், குளியலறையில் ஒரு பழைய துண்டைச் சும்மாடுபோல் சுருட்டி அதன்மேல் பந்தை உட்கார வையுங்கள். பந்துக்கு ஆறு முகம் என்று மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்: மேல், கீழ், நான்கு பக்கம். திண்டைத் தண்ணீரில் நனைத்து, ஒரே அழுத்தத்தில், ஒரு முகத்துக்கு ஒரு நிமிடம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கடிகாரம் பார்த்துத் தேய்க்க வேண்டும்; கை அசந்த முகம் பிறகு லேனில் காட்டிக்கொடுக்கும். சிறிது நேரத்தில் வழியும் தண்ணீர் பந்தின் நிறத்துக்கே மாறும். நீலப் பந்தென்றால் நீலத் தண்ணீர். வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நிறம் வராவிட்டால் திண்டு தேய்ந்துவிட்டது, அல்லது அழுத்தம் போதவில்லை.

ஒரு எண் முடிந்ததும் பந்தை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டே அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். முந்தைய திண்டின் ஒரு துகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் 4000 போட்ட இடத்தில் 1000-இன் கீறல் விழும்.

வறண்ட லேனுக்கு நான் வைக்கும் வரிசை: பந்தில் ஆடிய தடமும் கீறலும் தெரிந்தால் 1000, பிறகு 2000, பிறகு 4000. இங்கே நிறுத்தி ஒரு சனிக்கிழமை ஆடச் சொல்வேன். பலருக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. போதாவிட்டால் மட்டும், பந்து முழுக்கக் காய்ந்த பிறகு பாலிஷ். நேரே பாலிஷில் குதிக்காதீர்கள். அடியில் இருக்கும் எண்தான் பந்து எப்போது திரும்பும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. 500 மேல் போட்ட பாலிஷ் பார்க்க மின்னும், சில ஆட்டங்களில் மின்னல் போய் 500 தலைகாட்டும்.

அந்த மாணவரின் பந்தை 360-இல் தொடங்கி, 500, 1000, 2000, 4000 என்று ஏறி, ஒரு மாலை முழுவதும் சேர்ந்து தேய்த்தோம். 360-இல் மட்டும் மூன்று முறை திரும்பத் திரும்பத் தேய்த்த பிறகே நகம் சிக்குவது நின்றது. ஐந்தாம் பின் அடுத்த வாரமே விழத் தொடங்கியது.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு விதி: அங்கீகரிக்கப்பட்ட போட்டி நடந்துகொண்டிருக்கும்போது தேய்ப்புத் திண்டு, பாலிஷ் எதையும் பந்தில் போடக் கூடாது. காய்ந்த துணியால் துடைக்கலாம். மேற்பரப்பு வேலை எல்லாம் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் பந்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டையில் இரண்டு மணி நேரம் நிறுத்திய காரிலிருந்து எடுத்த பந்தில் துளையின் ஓரமாக முடி போன்ற விரிசல் ஓடியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குத் திண்டும் இல்லை, பாலிஷும் இல்லை.

## அறிகுறி 3: ஒரு பந்து வழுக்கிக்கொண்டே போகிறது, அடுத்தது வெட்டித் திரும்புகிறது

பாலிஷ் போட்ட பிறகு வரும் குறை இது. நடுவில் எண்ணெய் மிச்சம் இருக்கிறது, ஓரம் முழுக்க வறண்டிருக்கிறது. ஒரு பலகை உள்ளே போட்டால் பந்து வழுக்கி வலப்பக்கமே நின்றுவிடும். ஒரு பலகை வெளியே போட்டால் ஓரத்து வறட்சியில் பட்டு வெடுக்கென்று வெட்டும். உங்கள் வீச்சு கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கெடவில்லை.

பளபளப்பைக் குறைக்க வேண்டும். பாலிஷை 4000 திண்டால் மெல்ல எடுத்துவிட்டு, பாலிஷ் இல்லாமல் ஆடுங்கள். எண்ணெயிலும் வறட்சியிலும் பந்தின் நடத்தை ஒன்றையொன்று நெருங்கி வரும். முத்துப்போல் மின்னும் பொடி கலந்த பளபளப்பு வகை பந்தென்றால் இந்தக் குறை அடிக்கடி வரும்.

அப்படியும் அடங்காவிட்டால் ரெசினுக்குப் பதில் யூரித்தேன் தோல் போட்ட பந்து ஒன்று வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்கி ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். யூரித்தேன் வெட்டாது; ஓடை வளைவதுபோல் நிதானமாக வளையும். அதை வைத்து லேனின் வெளி ஓரத்திலேயே, இரண்டாம் அம்புக்கு வலப்பக்கம், நேராக ஆடலாம். நம் ஊர் லேன்களுக்கு இரண்டாவதாக ஒரு பந்து வாங்கும் எண்ணம் இருந்தால் என் யோசனை யூரித்தேன்தான், இன்னொரு விலையுயர்ந்த ரெசின் பந்து அல்ல.

எண்ணெய்ப் பரப்பின் நீள அடியிலிருந்து 31-ஐக் கழித்தால் பந்து எண்ணெயைவிட்டு வெளியே போக வேண்டிய பலகை (வலது ஓரத்திலிருந்து எண்ணினால்) கிடைக்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. 40 அடி என்றால் 9-ஆம் பலகை. புதிதாக எண்ணெய் போட்ட லேனில் நல்ல கணக்கு. வாரக் கடைசி வறண்ட லேனில் இதை நம்பி நிற்க வேண்டாம். அங்கே நீளமும் இல்லை, ஒழுங்கும் இல்லை.

## அறிகுறி 4: பத்தாம் பின்னுக்கு வீசும் ஸ்பேர் பந்து வளைந்து தவறுகிறது

முதல் வீச்சில் எஞ்சிய பின்களை இரண்டாம் வீச்சில் சாய்ப்பதுதான் ஸ்பேர். ரெசின் பந்தால் ஸ்பேர் ஆடுகிறீர்கள் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். கூடத்தில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் பந்துகளில் உங்கள் எடைக்கு ஒன்றை எடுத்து, இடப்பக்கத்திலிருந்து குறுக்காக, கையைத் திருப்பாமல் வீசுங்கள். அது வறட்சியிலும் நேராகவே போகும்.

பிளாஸ்டிக் பந்தே வளைந்தால் அதன் மேற்பரப்பைப் பாருங்கள். பல ஆண்டு ஆடிய கூடத்துப் பந்துகள் சொரசொரத்திருக்கும். பாலிஷ் போட்டால் தீர்ந்துவிடும். கூடத்துக்காரரிடம் கேட்டால் மறுக்க மாட்டார்.

## அறிகுறி 5: காலையில் சரியாக இருந்தது, மாலையில் மாறிவிட்டது

பந்தைத் தொடாதீர்கள். ஆட ஆட எண்ணெய் தேய்கிறது, தள்ளிப் போகிறது. ரெசின் பந்துகள் அதைக் குடிக்கவும் செய்கின்றன. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓரிரு பலகை இடப்பக்கம் நகர்வதே வழி. ஏசி நிறுத்தியிருந்த கூடத்தில் முதல் ஆட்டம் இன்னும் வேறு மாதிரி இருக்கும். குளிர் ஏறும் வரை பொறுத்திருந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

## அறிகுறி 6: கால் சறுக்காமல் ஒட்டிக்கொள்கிறது

இது லேனைப் பற்றியதல்ல, ஓடி வரும் மேடையைப் பற்றியது. ஆனால் புழுதிக் காலத்தில் சேர்ந்தே வரும். சறுக்கும் காலின் ஷூ அடியைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்து, படிந்த மண்ணை எடுத்துவிடுங்கள். மேடையை ஈரமில்லாத துடைப்பானால் துடைக்கச் சொல்லுங்கள். முகப்பவுடர் தூவுவது கூடவே கூடாது. உங்களுக்குச் சறுக்கும், அடுத்து வருகிறவர் தலைகுப்புற விழுவார்.

## எப்போது துளை போடும் நிபுணரிடம் போக வேண்டும்

காலை நகர்த்தியாகிவிட்டது, வேகம் பார்த்தாகிவிட்டது, 4000-உம் பாலிஷும் போட்டாகிவிட்டது, இரண்டு மூன்று வாரம் வெவ்வேறு நாட்களில் ஆடியும் பந்து மூக்கிலேயே இடிக்கிறது என்றால், குறை துளைகளின் இடத்தில் இருக்கலாம். இது கையால் செய்யும் வேலை அல்ல. நான் பார்த்துக்கொள்ளும் கூடத்தில் துளை இயந்திரம் கிடையாது. சென்னைக்கோ பெங்களூருக்கோதான் அனுப்புகிறோம்.

பந்தின் மேல் ஒரு வண்ணப் புள்ளி இருக்கும். உள்ளே இருக்கும் கருவின் தலை அது. அந்தப் புள்ளிக்கும், நீங்கள் வீசும்போது பந்து எந்த அச்சில் சுழல்கிறதோ அந்த அச்சுப் புள்ளிக்கும் உள்ள தூரம் முக்கியம். 3⅜ அங்குலத்தில் வைத்துத் துளைத்தால் பந்து ஒவ்வொரு சுற்றிலும் புதிய தோலை லேனில் பதிக்கும், பிடிப்பு உச்சம். சென்னையில் நல்ல எண்ணெயில் ஆடுவதற்காக அப்படித் துளைத்திருப்பார்கள். வறண்ட லேனுக்கு அந்தத் தூரம் 5 அங்குலத்துக்கு மேல் போனால் பந்து அடங்கும்.

பழைய துளைகளை அடைத்துப் புதிதாகத் துளைக்கலாம். ஊற்றிய பிசின் இறுகும் வரை பந்து கடையிலேயே இருக்க வேண்டும். செலவு புதிய யூரித்தேன் பந்தின் விலையில் எத்தனை பங்கு வருகிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பல நேரங்களில் இந்த ரெசின் பந்தை வெளியூர்ப் போட்டிக்கென்று அப்படியே வைத்துக்கொள்வதுதான் இலாபம்.

இவற்றில் எது இருந்தாலும் வேறு சோதனை செய்யாமல் நேரே நிபுணரிடம் போங்கள்: விரல் துளைகளுக்கு இடையில் விரிசல், கட்டை விரல் துளையில் சிக்குவது, வீசிய பிறகு வலி, சதையில் தடிப்பு, பந்தில் விரலுக்கு அல்லாத நான்காவது துளை. எடையைச் சமன்செய்யப் போட்ட அந்தத் துளைக்கு 2020 ஆகஸ்ட் முதல் அமெரிக்க பௌலிங் காங்கிரசின் விதிப்படி இடமில்லை. போட்டிக்குப் போவதானால் அடைத்தே ஆக வேண்டும்.

பந்தை அனுப்பும்போது அதோடு ஒரு தாளும் போகட்டும். எந்த எண்ணில் தேய்த்தது, எத்தனை ஆட்டம் ஆடியது, திரையில் வழக்கமாகக் காட்டும் வேகம், எந்தப் பின்கள் எஞ்சுகின்றன. பின்னாலிருந்து எடுத்த காணொளியைக் கைபேசியில் அனுப்பிவிடுங்கள். பந்தைத் துடைக்காமல், கடைசியாக ஆடிய எண்ணெய் வளையத்தை வெள்ளை மெழுகுப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டே அனுப்புங்கள். அச்சுப் புள்ளியை அவர்கள் அந்தக் கோட்டிலிருந்துதான் அளப்பார்கள்.